பூண்டிப் பக்கம் திரும்பாத பஸ்

திருவள்ளூரை ஒட்டிய மணவாள நகருக்கு அடுத்த மேல்நல்லாத்தூரில் அரை நூற்றாண்டாக மண் அள்ளும் இராட்சத இயந்திரங்கள் தயாராகின்றன. 1970-களின் தொடக்கத்தில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆரம்பித்த ஆலை அது. இந்த நூற்றாண்டு பிறந்த வேளையில் கேட்டர்பில்லர் கைக்கு மாறியது. எதிர்த்திசையில் ரயில் பாதையைக் கடந்து, திருவள்ளூர் ஊரையும் கடந்து, பூண்டி வழியாகப் போனால் அத்திரம்பாக்கம். அங்கே ஓடைக்கரை மண்ணில் ஆதிமனிதக் கை செதுக்கிய கற்கருவிகள் கிடைக்கின்றன. அவற்றில் பழையவை சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தியவை என்று சாந்தி பப்பு குழுவினர் 2011-இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். உலகில் இதைவிடப் பழைய பாடசாலை வாய்த்த மாவட்டங்கள் மிகக் குறைவு.

மண்ணைப் பிளக்கும் ஆலைக்கும் மண்ணுக்குள் கிடக்கும் அந்தக் கல்லுக்கும் நடுவில் நூற்றுக்கணக்கான பள்ளிக்கூடங்கள். தை பிறந்ததும் டூர் பஸ்கள் கிளம்புகின்றன. விடியற்காலை பள்ளி வாசலில் பெற்றோர் கூட்டம், எலுமிச்சைச் சாத டப்பா, வாந்திக்கு ஒரு பாலிதீன் பை, பஸ்ஸுக்குள் சத்தமாகப் பாட்டு. வண்டி பெரும்பாலும் ஒரு தீம் பார்க்குக்குப் போகும். இல்லையென்றால் வண்டலூர், மாமல்லபுரம். பூண்டிப் பக்கம் திரும்பும் பஸ் அபூர்வம். குழந்தைகள் தண்ணீர்ச் சறுக்கில் ஆடுவதை யாரும் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் அதற்கும் ‘கல்விச் சுற்றுலா’ என்றுதான் அனுமதிக் கடிதத்தில் எழுதுகிறோம். அந்த இரண்டு சொற்களில் கல்வி எப்போது இறங்கிப் போனது என்பதைக் கொஞ்சம் பின்னோக்கித் தேட வேண்டியிருக்கிறது.

1863 மே 30 அன்று பல்லாவரத்தில், ராணுவ அணிவகுப்புத் திடலருகே சரளை வெட்டிய குழியொன்றில் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கல்லைக் குனிந்து எடுத்தார். முப்பது வயதைத் தொடாத நிலவியலாளர். அரசாங்கம் அவருக்குக் கொடுத்த வேலை பாறைகளை வரைபடத்தில் குறிப்பது மட்டுமே. அந்தக் கல் இயற்கையாக உடைந்தது அல்ல, யாரோ உடைத்தது என்பது அவருக்குப் பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் சக அலுவலர் வில்லியம் கிங்குடன் அத்திரம்பாக்கம் ஓடைக்கு வந்தார். ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856-லேயே ரயில் ஓடத் தொடங்கியிருந்தது; திருவள்ளூர் அந்தத் தடத்தில்தான் இருக்கிறது. ஆனால் ஃபூட்டின் தொழிலை ரயிலில் உட்கார்ந்து செய்ய முடியாது. நடந்தார், குனிந்தார், எடுத்தார், குறித்துக்கொண்டார், மறுபடி வந்தார். தென்னிந்தியாவின் வரலாற்றுக்கு முந்தைய காலம் என்ற அறிவுத்துறையே அந்த நடையில் பிறந்தது.

பிறகு நடந்ததுதான் நமக்குப் பாடம். ஃபூட் வாழ்நாளெல்லாம் சேர்த்த கற்களை 1904-இல் சென்னை அருங்காட்சியகம் வாங்கியது. ஓடையில் கிடந்தவை எழும்பூரில் கண்ணாடிக்குள் போயின. அந்த அருங்காட்சியகம் 1851-இல் எட்வர்ட் பால்ஃபர் பொறுப்பில் தொடங்கியது. உயிருள்ள விலங்குகளையும் அவர் அங்கே வைத்தார், அதுவே பின்னாளில் தனி விலங்குக் காட்சியகமாகப் பிரிந்தது. சென்னைவாசிகள் ஒன்றை ‘செத்த காலேஜ்’ என்றும் மற்றொன்றை ‘உயிர் காலேஜ்’ என்றும் அழைத்தார்கள். காணும் பொங்கலுக்கு மாட்டு வண்டி கட்டிக்கொண்டு கிராமங்களிலிருந்து கூட்டம் வரும். படிப்பறியாத லட்சக்கணக்கானோர் எந்த வாத்தியாரும் இல்லாமல் திமிங்கல எலும்பையும் புலியையும் அங்கே பார்த்தார்கள். அந்த நன்மையை மறுக்க முடியாது. ஆனால் அதோடு ஒரு பழக்கமும் ஒட்டிக்கொண்டது. இயற்கை என்றால் பட்டணத்தில் இருப்பது, வேலிக்கும் கண்ணாடிக்கும் அப்பால் இருப்பது, வருஷத்துக்கு ஒரு தரம் வண்டி கட்டிப் போய்ப் பார்ப்பது. தன் ஊர் ஓடைக்கல்லைப் பார்க்கத் திருவள்ளூர்ப் பிள்ளை எழும்பூருக்குப் போக வேண்டியிருந்தது. பூண்டியில் மாநிலத் தொல்லியல் துறை ஓர் அகழ்வைப்பகத்தைத் திறந்தது 1985-இல்தான்.

வேறு வழி யோசித்தவர்கள் இல்லாமல் இல்லை. செடிகளை ஆராய்ந்து பேராசிரியராகி, பிறகு நகரங்களை ஆராயப் போன ஸ்காட்லாந்துக்காரர் பேட்ரிக் கெடிஸ் 1914-இல் சென்னைக்கு வந்தார். நகரங்களைப் பற்றிய அவருடைய கண்காட்சிப் பொருட்களை ஏற்றிவந்த கப்பலை ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் மூழ்கடித்துவிட்டது. (எம்டன் என்றால் நமக்கு ஹைகோர்ட் பக்கம் விழுந்த குண்டு மட்டுமே ஞாபகம், இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.) மனிதர் அசரவில்லை, மறுபடியும் படங்களைத் திரட்டி 1915 ஜனவரியில் சேப்பாக்கம் செனட் ஹவுஸில் கண்காட்சியை நடத்தினார். தான் நிற்கும் இடத்தைச் சுற்றிப் பார்த்து, அளந்து, வரைந்து அறிவதிலிருந்துதான் எந்தப் படிப்பும் தொடங்க வேண்டும் என்பது அவர் கட்சி. 1937-இல் காந்தி வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வியும் கையையும் சுற்றுப்புறத்தையும் நம்பியதுதான். இங்கே ஆதாரப் பள்ளிகள் வந்தன, தக்ளி சுற்றின, பெயர்ப்பலகையோடு நின்றன.

இங்கிலாந்தில் நடந்தது வேறு. 1943, போர் நடுவில், களப்படிப்புக்கென ஒரு மன்றம் அமைத்தார்கள். 1946-இல் ஃபிளாட்ஃபோர்டு என்ற ஆற்றங்கரை ஊரில் பழைய மாவு ஆலையொன்றை எடுத்து முதல் மையத்தைத் திறந்தார்கள். ரொட்டிக்கு ரேஷன் இருந்த காலம். புதுக் கட்டடம் எழுப்பக் காசில்லை. இருந்த கட்டடத்தில் ஊரின் பூச்சியும் புல்லும் ஆறும் அறிந்த ஒருவரைக் குடிவைத்து, மாணவர்களை அவரிடம் அனுப்பினார்கள். நாம் இதைத் தலைகீழாகச் செய்து பழகியிருக்கிறோம்: முதலில் வளைவு, பிறகு டிக்கெட் கவுண்டர், பிறகு டைனோசர் பொம்மை. சொல்லிக்கொடுக்க ஆள் மட்டும் கடைசி வரை வருவதில்லை.

ஆள் வந்த இடங்களில் என்ன நடந்தது என்பதற்குச் சென்னையிலேயே சாட்சி உண்டு. 1972-இல் ரோமுலஸ் விட்டேக்கர் கிண்டியில் பாம்புப் பண்ணையை நிறுவினார்; 1976-இல் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முதலைப் பண்ணை வந்தது. இரண்டு தலைமுறைப் பள்ளிப் பிள்ளைகள் பாம்பு மகுடிக்கு ஆடுவதில்லை, பால் குடிப்பதில்லை என்று நேரில் கற்றது அங்கேதான். முதலைப் பண்ணையை ஒட்டி வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் 1978-இலிருந்து இயங்குகிறது. மண்பானையின் வாயில் கட்டிய துணியை இருளர் ஒருவர் அவிழ்க்கிறார். கொக்கிக் கம்பியால் பாம்பை மெல்லத் தூக்கி வெளியே விடுகிறார். தலையைப் பிடித்து, கண்ணாடிக் குவளையின் வாயில் இழுத்துக் கட்டிய சவ்வைக் கடிக்க விடுகிறார். வெளிர் மஞ்சள் நிறத்தில் சில சொட்டுகள். ‘இதிலிருந்துதான் பாம்புக்கடிக்கு மருந்து’ என்று அவர் சொல்லும்போது முன்வரிசைப் பையன் கேள்வி கேட்கிறான். பதில் உடனே வருகிறது. எந்தப் பலகையில் எழுதி வைத்தாலும் அந்தப் பதில் கிடைக்காது.

இன்னொன்று மாணவர்களே நடத்துவது. கடலாமைகளுக்காக 1988-இல் சென்னை மாணவர்கள் தொடங்கிய அமைப்பு, ஒவ்வொரு ஆண்டும் முட்டையிடும் பருவத்தில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவில் கடற்கரையோரம் நடக்கிறது. பங்குனி ஆமைகள் இட்ட முட்டைகளை நாய்க்கும் ஆளுக்கும் முந்தி எடுத்துப் பொரிப்பகத்தில் புதைத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். கல்லூரிப் பிள்ளைகள் முன்னே நடக்க, பள்ளிப் பிள்ளைகளும் பெற்றோரும் பின்னே. பல இரவுகளில் ஆமை வராது. கால் வலியும் தூக்கக் கலக்கமும்தான் மிச்சம். வராத இரவிலும் நடப்பதால்தான் அது முப்பத்தைந்து ஆண்டுகளைத் தாண்டி நிற்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவதை ஃபூட்டும் செய்தார், இந்தப் பிள்ளைகளும் செய்கிறார்கள், பள்ளிக்கூடம்தான் செய்வதில்லை.

அரசும் நீதிமன்றமும் சும்மா இருந்தன என்று சொல்ல முடியாது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்கச் சொன்னது. புத்தகம் வந்தது, பரீட்சையும் வந்தது. ‘உணவுச் சங்கிலி வரைக’ என்ற கேள்விக்குப் புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, கழுகு என்று வரைந்து ஐந்து மதிப்பெண் வாங்குவதற்குத் தவளையைப் பார்த்திருக்க வேண்டியதில்லை. 2001-இல் தேசிய பசுமைப் படை வந்தது. பள்ளிதோறும் ஒரு பொறுப்பாசிரியர், மரம் நடு விழா, ஒரு குழு போட்டோ. அடையாறு முகத்துவாரத்தில் 58 ஏக்கரில் 2011-இல் திறந்த தொல்காப்பியப் பூங்கா இவற்றில் நல்ல விதிவிலக்கு. பொதுமக்கள் கூட்டத்துக்குக் கதவைத் திறந்துவிடாமல், முன்பதிவு செய்த மாணவர் குழுக்களை வழிகாட்டியோடு உள்ளே அழைத்துப் போகும் முறையை அங்கே பின்பற்றினார்கள். ஏன் எல்லாரையும் விடவில்லை என்று அப்போது முணுமுணுப்பு எழுந்தது. சேற்றுக்கும் நண்டுக்கும் அந்தக் கட்டுப்பாடு நல்லதாகவே முடிந்தது. 2024-இல் அரசுப் பள்ளிகளில் ‘மகிழ் முற்றம்’ என்று மாணவர்களைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை எனக் குழுக்களாகப் பிரித்திருக்கிறார்கள். அழகான யோசனை. நெய்தல் குழுப் பிள்ளை பழவேற்காட்டையும், மருதக் குழுப் பிள்ளை தன் ஊர் ஏரி மதகையும் ஒரு தடவையாவது பார்த்துவிட்டால் பெயருக்கு நியாயம் செய்ததாகும்.

இனி பூண்டிக்கு வருவோம். திருவள்ளூரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். டவுன் பஸ்ஸிலேயே போகலாம். சென்னை மேயராக இருந்த சத்தியமூர்த்தி வற்புறுத்திக் கொண்டுவந்த நீர்த்தேக்கம் 1944-இல் கட்டி முடிந்தது. அவர் அதைப் பார்க்காமலே முந்தைய ஆண்டு இறந்துபோனார். மழைக்காலத்தில் டி.வி. செய்தியில் தினமும் ஓடும் ‘35 அடி, 3,231 மில்லியன் கன அடி’ என்ற கணக்கு இந்த ஏரியுடையது. அந்த எண்ணைக் கேட்டு வளரும் பிள்ளைகளில் நீரளவுக் கோலைக் கண்ணால் கண்டவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? கொசஸ்தலையாறு இங்கே தேங்கி, மிஞ்சியது எண்ணூர் நோக்கி இறங்குகிறது. கிருஷ்ணா நீர் கண்டலேறிலிருந்து ஊத்துக்கோட்டை ஜீரோ பாயின்ட் வழியாக இதில்தான் விழுகிறது. இங்கிருந்து கால்வாய் பிடித்துப் புழலுக்கும் செம்பரம்பாக்கத்துக்கும் போகிறது. சென்னையில் குழாய் திறக்கும் ஒருவர் எங்கிருந்து தண்ணீர் குடிக்கிறார் என்பதை ஷட்டர் மேல் நின்றே காட்டிவிடலாம். குளிர்காலத்தில் கூழைக்கடாவும் நாரையும் வாத்தும் கணக்குப் பாடத்துக்கே போதும். அணைகளின் மாதிரியைச் சிறிதாகக் கட்டித் தண்ணீர் ஓடவிட்டுச் சோதிக்கும் அரசு நீரியல் ஆய்வு நிலையமும் பக்கத்திலேயே இருக்கிறது.

அகழ்வைப்பகத்தில் இப்போது நடப்பது என்ன? வரிசை. ‘கையை வைக்காதே.’ கால் மணி நேரம். வெளியே வந்து ஐஸ். கண்ணாடிக்குள் இருப்பது வெறும் கல்லாகத்தான் பிள்ளைகளுக்குப் படும். அவர்கள் மேல் தப்பில்லை. நகல் ஒன்றைக் கையில் கொடுத்துப் பாருங்கள். கற்கோடாரியின் தடித்த அடி உள்ளங்கையில் அமரும், கட்டைவிரலுக்குத் தானாகவே ஓர் இடம் கிடைக்கும், கூர்முனை முன்னால் நீளும். விளிம்பைத் தடவினால் இரு பக்கமும் மாறி மாறிச் சில்லு தட்டிய பள்ளங்கள் தட்டுப்படும். எந்தப் பக்கம் முதலில் தட்டினான், ஏன் இங்கே நிறுத்தினான் என்று பத்து வயதுப் பெண் கேட்பாள். அங்கிருந்து அத்திரம்பாக்கம் ஓடைக்கு அழைத்துப் போய், மழை அரித்த கரையில் மண் அடுக்கு அடுக்காக நிற்பதைக் காட்ட வேண்டும். அதே மண்ணில் எருமை, குதிரை வகை விலங்குகளின் பற்படிமங்கள் கிடைத்ததைச் சொல்ல வேண்டும். 3,85,000 ஆண்டுகளுக்கு முன் இங்கே கருவி செய்யும் முறையே மாறியது என்று 2018-இல் ‘நேச்சர்’ இதழில் அதே குழு எழுதியதைச் சொல்ல வேண்டும். கல்லைத் தொடலாம், எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளக் கூடாது. பாதுகாக்கப்பட்ட இடம், சட்டம் உண்டு. இதையும் அங்கேயே வைத்துச் சொன்னால்தான் ஏறும்.

பஸ்ஸே வேண்டாத பாடமும் இருக்கிறது. மணவாள நகரிலேயே ஓர் ஆற்றுப் பாலம் உண்டு, அதன் கீழே போவது கூவம். கேசாவரம் அணைக்கட்டில் கொசஸ்தலையாற்றிலிருந்து பிரியும் நீரும் கூவம் ஏரியின் உபரியும் சேர்ந்து இந்த வழியாகத்தான் நேப்பியர் பாலத்துக்குப் போகின்றன. சென்னைக்குள் மூக்கைப் பொத்திக்கொள்ள வைக்கும் அதே ஆறு, மழை முடிந்த மாதங்களில் இங்கே மணலும் நாணலும் கொக்குமாக இருக்கிறது. குப்பையும் சாக்கடையும் அதில் சேரத் தொடங்குவதையும் இங்கேயே பார்க்கலாம். ஒன்பதாம் வகுப்பு பிள்ளைகள் கார்த்திகையில் ஒரு தரம், மாசியில் ஒரு தரம், சித்திரையில் ஒரு தரம் அந்தப் பாலத்துக்கு நடந்துபோய் நீரின் அகலத்தையும் நிறத்தையும் பறவைகளையும் எழுதி வைத்தால், மூன்றாம் ஆண்டில் அந்த நோட்டை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமே காட்டலாம்.

பிறகு ஏன் யாரும் போவதில்லை? ஆசிரியர்களைக் குறை சொல்வது சுலபம். அவர்களோடு பேசிப் பார்த்தால் முதலில் வரும் பதில் கழிப்பறை. ஏரிக்கரையில் நூறு பெண்பிள்ளைகளை நான்கு மணி நேரம் வைத்திருக்க முடியுமா என்று ஓர் ஆசிரியை கேட்டால் நம்மிடம் பதில் இல்லை. தீம் பார்க்கில் கழிப்பறை உண்டு, குடிநீர் உண்டு, வேலி உண்டு, பஸ் நிறுத்த இடம் உண்டு. டூர் போகும் திசையை முடிவு செய்வது பாடத்திட்டமல்ல, இந்த நான்கும்தான். இரண்டாவது பதில் பயம். 2011 கிறிஸ்துமஸ் நாளில் பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை இந்த மாவட்டம் மறக்கவில்லை. ஒரு பிள்ளைக்குக் காலில் முள் குத்தினாலும் முதலில் விளக்கம் கேட்கப்படுவது எச்.எம். தான். அந்தப் பயத்தை அலட்சியம் செய்யக் கூடாது. பயத்துக்கு மருந்து தடை அல்ல, பயிற்சி பெற்ற ஆள். இடம் தெரிந்த ஒருவர் முன்னே நடந்தால் எந்தக் கரை சரியும், எந்தப் புதரில் கட்டுவிரியன் படுக்கும் என்று அவருக்குத் தெரியும்.

அப்படிப்பட்ட ஆட்களைத் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. திருவள்ளூர் மாவட்டத்தில் இருளர் குடும்பங்கள் ஏராளம். அரிசி ஆலைகளிலிருந்தும் செங்கல் சூளைகளிலிருந்தும் கொத்தடிமைகளாக மீட்கப்பட்டவர்களில் பலர் அவர்களே. 2023-இல் இருளர் இருவர், வடிவேல் கோபாலும் மாசி சடையனும், பாம்பு பிடிக்கும் திறமைக்காகப் பத்மஸ்ரீ பெற்றார்கள். தேசம் விருது கொடுத்து ஒப்புக்கொண்ட அறிவை நம் பள்ளிக்கூடம் இன்னும் ஒரு நாள் சம்பளம் கொடுத்துக்கூடக் கேட்கவில்லை. கிழங்கு எங்கே இறங்கும், வளைக்குள் எலி இருக்கிறதா பாம்பு இருக்கிறதா என்று மண்ணைப் பார்த்தே சொல்லும் ஒருவரின் மகள் அதே வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் அப்பா முன்னே நடந்து வகுப்பே பின்னால் போகும் நாளில் அந்தப் பெஞ்சின் இடமும் மாறும். பழவேற்காட்டில் மீனவர்கள் ஏரியைப் பங்கிட்டு முறைவைத்து மீன்பிடிக்கும் ‘பாடு’ முறையையும் அவர்களே சொல்லித்தந்தால்தான் புரியும். எந்தச் சூழலியல் பாடநூலைவிடவும் நல்ல பாடம் அது.

போட்டிகளில் வென்ற அரசுப் பள்ளி மாணவர்களைச் சிங்கப்பூருக்கும் ஹாங்காங்குக்கும் அனுப்புகிறார்கள். அனுப்பட்டும், அந்தப் பிள்ளைகள் அதற்குத் தகுதியானவர்கள். ஏரிக்கு வர மட்டும் எதிலும் வெல்ல வேண்டியதில்லை. தோற்ற பிள்ளைக்கும் உரிமை உள்ள சுற்றுலா அது ஒன்றுதான்.

ஆகவே மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு வேண்டுகோள். பூண்டியில் அடுத்த கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டும் முன் மூன்று காரியம் நடக்கட்டும்: பெண்பிள்ளைகளுக்குத் தண்ணீர் வரும் கழிப்பறை, மழைக்கு ஒதுங்க ஒரு கொட்டகை, மாதச் சம்பளத்தில் நான்கு கள வழிகாட்டிகள், அவர்களில் இருவராவது இருளர். தலைமையாசிரியர்களுக்கும் ஒன்று. 2015-இலிருந்து ஒவ்வொரு பொங்கல் விடுமுறையிலும் தமிழ்நாடு முழுவதும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. கட்டணம் கிடையாது, கால் மணி நேரம் நின்று எண்ணினால் போதும். இந்தத் தைக்கு உங்கள் பிள்ளைகளில் பத்துப் பேரையாவது பக்கத்து ஏரிக்கரைக்கு அழைத்துப் போங்கள். அடுத்த தைக்கும் அதே கரைக்கு அழைத்துப் போங்கள்.